தனிமையும் துணையும்

மக்கட்கு உளவாகும் துன்பங்கள் பலவற்றுள்ளே பசி, பிணி, வறுமை என்பன யாவர் கண்ணுக்கும் புலப்படுவன. பசித்தவன் முகம் வாடும். பிணியுற்றவன் உடல் மெலியும். வறியவன் உடை கிழியும். கண்டார் இரங்குதலும், இயன்றது செய்தலும் எளிது. புறத்தே புலப்படாததாய், கேட்பார்க்குச் சிறிதாய், உற்றார்க்கு மாத்திரம் பெரிதாய் உள்ள துன்பம் ஒன்று உண்டு. அது, முதுமையிலே வாழ்க்கைத் துணையை இழந்து, மக்களும் அயலிடஞ் சென்றபின், ஒரு வீட்டில் ஒருவராய் இருக்கும் தனிமையாம். இத்தகையார்க்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல், "இறைவன் துணையிருக்கின்றான், தனிமை என்று எண்ணற்க" என்பதேயாம். இவ்வாறுதல் மெய்யோ? மெய்யாயின் போதுமோ? போதாதாயின் அதனைச் சொல்லியவர் கடன் யாது? இம்மூன்றையும் சைவசித்தாந்தத் துணிபு கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சி ஏட்டிலிருந்து எழுந்ததன்று. எம்மூர் மூதாட்டியார் ஒருவர் சொல்லிய ஒரு சொல்லிலிருந்து எழுந்தது.

தலவாக்கலையிலிருந்து லிந்துலையையும் அக்கரப்பத்தனையையும் கடந்து ஏறுஞ் சாலை, ஹோர்ட்டன் சமவெளியின் அடிப்பக்கத்தை அணுகும் இடத்திலே உள்ளது டயகம. மார்கழி தை மாதங்களிலே விடியற்பொழுதிற் புல்நுனி தோறும் உறைபனி படிந்து வெண்ணீறு பூசினாற்போல இருக்கும். தேயிலை மலைகளின் இடையிடையே லயங்கள். லயங்களிலே பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராக்கள். முன்னே ஒரு சிறிய இஸ்தோப்பு. ஒரு காம்பராவில் ஆறேழு பேர் நெருங்கி வாழ்ந்த காலம் இங்கே நெடிது. ஆதலின், லயத்திலே ஒருவர் தனித்து வாழ்கின்றார் என்றால் வெளியூரார் வியப்பர். அடுத்த காம்பராவிலுள்ளார் இருமுவதும் சுவருக்கிப்பாற் கேட்குமே. அங்கே தனிமை எவ்வாறு உண்டாகும் என்பர். உண்டாகும். இருமல் கேட்டல் வேறு, தம்மை நோக்கி ஒருவர் பேசக் கேட்டல் வேறு.

யான் குறித்த அம்மையார் எழுபது பிராயத்தைக் கடந்தவர். இளமையிலே கூடை சுமந்து மலையேறி, நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து கொய்தவர். அவர் கணவர் கவ்வாத்து வெட்டுவதிலே கைதேர்ந்தவர். மூன்று ஆண்டுகளின் முன் இறந்தார். மகன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை செய்கின்றார். மகள் வளைகுடா நாடொன்றிலே வீட்டு வேலைக்குச் சென்றுள்ளார். இருவரும் இயன்றபோதெல்லாம் பணம் அனுப்புகின்றனர். கைத்தொலைபேசியிலே நலம் விசாரிக்கின்றனர். ஆதலின் அம்மையார் பட்டினி கிடப்பவர் அல்லர், கைவிடப்பட்டவரும் அல்லர்.

அவருடைய நாள், விடியுமுன் நான்கு மணிக்குத் தொடங்கும். எழுந்து அடுப்பு மூட்டுவார், சாயம் வைப்பார், நெற்றியிலே திருநீறு இட்டு, சுவரிலுள்ள முருகன் படத்தின்முன் விளக்கேற்றுவார். பின்பு இஸ்தோப்பிலே வந்து நிற்பார். அயலிலுள்ள பெண்கள் கூடையும் படங்குமாய்ப் பிரட்டுக்களத்துக்கு விரைவர். அவர்கள் போய் மறைந்த பின்னுஞ் சிறிதுபொழுது நின்று, பின் உள்ளே செல்வார். "வேலையினின்று ஓய்ந்த நீங்கள் இந்தக் குளிரிலே எழுவது ஏன் அம்மா?" என்று யான் ஒருகாற் கேட்டேன். அவர் சொல்லியது: "நாப்பது வருசமா விடிஞ்சா யாராச்சும் பேர் கூப்புடுவாங்க மாஸ்டர். இப்ப கூப்புட ஆளில்ல. காது மட்டும் முழிச்சிக்கிது."

தோட்டத்து வழக்கை அறியாத அன்பர்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். பிரட்டுக்களத்திலே காலைதோறும் தொழிலாளர் பெயர்களைக் கூப்பிட்டுப் பதிவர். அதனால் ஒருநாள் வேலைக்கே "பேர்" என்னும் பெயர் வந்தது. குறித்த அளவிற் கொழுந்து குறைந்தால் "அரைப்பேர்" என்பர். மனிதன் பெயரும் அவன் கூலியும் ஒரு சொல்லாய் நின்ற இவ்வழக்கிலே கொடுமையும் உண்டு. அது வேறோர் ஆராய்ச்சி. ஆயினும், நாள்தோறும் பிறர் வாயிலே தம் பெயர் ஒலிக்கக் கேட்டவர்க்கு அவ்வொலி ஒழிந்தபோது உண்டாகும் வெறுமை சிறிதன்று. அம்மையார்க்கு உலை வைத்தலும் ஒரு சங்கடமாயிற்று. நால்வர்க்கும் பின் இருவர்க்கும் அரிசி அளந்த கை, ஒருவர்க்கு அளக்க அறியவில்லை. எவ்வளவு குறைத்தாலும் ஒரு பிடி சோறு மிகும். அந்த ஒரு பிடியைப் பார்க்கும்போதே கணவர் இறந்தமை நாள்தோறும் புதிதாகத் தெரிகின்றது என்றார்.

இனி, யான் செய்த பிழையைச் சொல்லுகின்றேன். கணவர்க்குக் கருமாதி நிகழ்ந்த அன்று, உறவினர் அழைக்க, யான் அங்கே சென்றேன். தேவாரம் ஓதியபின், ஆன்மா நித்தியமாதலையும், இறைவன் உயிர்க்குயிராய் நின்று ஒருபோதும் பிரியாமையையும் பற்றி அரைமணி நேரம் பேசி, "உங்களுக்கு இறைவன் துணை" என்று முடித்தேன். கேட்டோர் பாராட்டினர். கடமை முடிந்ததென்று யானும் வீடு சென்றேன். பாடசாலைக்கும் அவருடைய லயத்துக்கும் கால்மணி நேர நடையே தூரம். எனினும் யான் மீண்டும் அவர் வாசலை மிதித்தது பதினொரு மாதங் கழிந்த பின்னரே. அதுவும், பாடசாலைக்கு வாராத ஒரு பிள்ளையைத் தேடி அடுத்த காம்பராவுக்குச் சென்றபோது. பேசுதற்கு வேறொன்றும் தோன்றாமையால், "இறைவன் துணையிருக்கின்றார் அல்லவா அம்மா" என்றேன். அவர் சினவாமலும் சிரியாமலும் கூறியதை அவர் வாய்மொழியாகவே எழுதுகின்றேன்: "சாமி இருக்குதுங்க மாஸ்டர். இருக்குதுன்னு சொல்ல வந்தவங்கதான் திரும்பி வரல்ல."

இத்தகைய சொல்லைக் கேட்டபோது மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சில சமாதானங்களைத் தேடும். அவை பெரும்பாலும் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது, "அஃது அவர் வினை" என்பது. சைவசமயிகளாகிய நாம் வினையை உடன்படுகின்றோம். ஆயின் வினைக்கொள்கை, தமக்கு வந்த துன்பத்தை ஒருவர் தெளிவோடு பொறுத்தற்கு ஏற்றிய விளக்கேயன்றிப் பிறர் துன்பத்தைப் பாராதிருத்தற்குக் கட்டிய திரையன்று. அவர் தனித்திருத்தல் அவருடைய பிராரத்தமாயின், அதனைக் கண்டும் யான் வாளாவிருத்தல் என்னுடைய ஆகாமியமாம். அவர் பழவினையை அனுபவித்துக் கழிக்கின்றார். யானோ புதுவினையை ஈட்டிக்கொள்கின்றேன். இருவருள் எவர் நிலை இரங்கத்தக்கது?

இரண்டாவது, "அது பிள்ளைகள் குற்றம்" என்பது. பெற்றோரைப் புறக்கணிக்கும் மக்கள் உலகிலே உளர். அதுபற்றியே இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தற்கு உண்டாயிற்று. பராமரிப்புப் பெறாத முதியோர் முறையிடுதற்கு ஒரு சபையும் அதனால் அமைந்தது. இந்தியாவிலும் 2007ஆம் ஆண்டிலே இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. இவை வேண்டுவனவே. ஆயினும் சட்டம் பணத்தைக் கொடுப்பிக்கும், குரலைக் கொடுப்பியாது. அன்றியும், மலைநாட்டிலே குடும்பங்கள் சிதறியமை மக்களுடைய மனக்கொடுமையால் மாத்திரம் நிகழ்ந்ததன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மலைகளில் வாழ்ந்தோருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு கூறாக்கியது. ஒரு வயிற்றிற் பிறந்தாருள் ஒருவர் இங்கும் ஒருவர் அங்குமாயினர். இவ்வம்மையாரின் தமையனார் அவ்வாறே தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிக்குச் சென்றவர். பின்பு ஒருவரையொருவர் கண்டிலர். இக்காலத்திலோ, தேயிலை மலையிற் பெறுங் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதாமையால் மக்கள் நகரத்துக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். பணம் அனுப்புதற்பொருட்டுப் பிரிந்தவர்களைப் பார்த்து, "பணம் மாத்திரம் அனுப்புகின்றார்கள்" என்று பழித்தல் நீதியாகுமா?

தனிமை எம்மூர்க்கு மாத்திரம் உரியதும் அன்று. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேயே 100 பேருள் 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதை அடைந்தவராயிருந்தனர். அதன்பின் அத்தொகை பெருகியதேயன்றிக் குறையவில்லை. பொருளிலே குறைவில்லாத பிரித்தானியா 2018ஆம் ஆண்டிலே தனிமைத் துன்பத்துக்கென ஓர் அமைச்சரைப் பொறுப்பாக்கியது. 2021ஆம் ஆண்டிலே ஜப்பானும் அவ்வாறு செய்தது. செல்வம் மிக்க நாடுகளும் அமைச்சரை வைத்து ஆராயும் ஒரு துன்பத்தை, ஒரு மகன்மேலும் ஒரு மகள்மேலும் சுமத்திவிட்டு அயலார் கைகழுவுதல் ஆகாது.

மூன்றாவது சமாதானமே நுட்பமானது. சைவர் வாயில் எளிதில் வருவதும் அதுவே. "இறைவன் உடனிருக்க மனிதத் துணை எற்றுக்கு?" என்பது அது. இதனைச் சிறிது நின்று ஆராய்வாம்.

இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கின்றான் என்பது நம் சித்தாந்தத்தின் உயிர்நிலை. ஆதலின் கருமாதியன்று யான் சொல்லியது பொய்யன்று. அம்மையாரும் அதனை மறுத்தாரல்லர். "சாமி இருக்குது" என்று முதலிலே உடன்பட்டார். எனவே முதல் வினாவுக்கு விடை கிடைத்தது: அவ்வாறுதல் மெய்யே. மெய்யாயினும் போதுமோ என்பதே இனி ஆராயத்தக்கது.

ஆன்மாவின் காரணாவத்தைகள் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று என்பதை நம் ஆசிரியர்கள் அறிவர். கேவலம் என்னும் சொல்லுக்குப் பொருள் தனிமை. அந்நிலையிலே ஆன்மா, ஆணவ இருளே சூழ, உடம்பும் கருவியும் உலகமும் இன்றி, அறிவும் இச்சையும் செயலும் விளங்காது கிடக்கும். அப்போது இறைவன் அதனோடு இல்லையோ? உளன், அவன் ஒருகாலும் பிரிவதில்லை. ஆயினும் அவன் உடனிருத்தல் ஆன்மாவுக்குத் தோன்றுவதில்லை. இருளிலே தாய் பக்கத்திருந்தும், அவளைக் காணாத குழந்தை அழுதல் போல்வது அந்நிலை; அழுதற்கும் அங்கே வாயில்லை என்பதே வேற்றுமை. அத்தனிமையைக் கண்ட இறைவன் செய்தது யாது? "யாம் உடனிருக்கின்றோம், அது போதும்" என்று வாளாவிருந்தானோ? இல்லை. மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்துக் கொடுத்து, ஆன்மாவைச் சகலநிலைக்குக் கொணர்ந்தான். உடம்பைத் தந்தான், காதைத் தந்தான், அக்காதிலே பெயர் சொல்லிக் கூப்பிடத் தாயையும் தந்தையையும் சுற்றத்தையும் தந்தான். தன் இருப்பு மாத்திரம் அவ்வுயிருக்குப் போதும் என்று இறைவனே விட்டானல்லன். அங்ஙனமாக, அவன் இருப்பைப் பற்றி யான் சொல்லிய அரைமணி நேரச் சொல் போதும் என்று யான் கொண்டது எவ்வாறு பொருந்தும்?

இன்னும் ஒன்று. உயிர்கள் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகைப்படும். விஞ்ஞானகலர்க்கு இறைவன் உள்நின்று உணர்த்துகின்றான். பிரளயாகலர்க்குத் தன் திருவுருவோடு முன்னின்று உணர்த்துகின்றான். சகலராகிய நமக்கோ மானிட வடிவிலே குருவாய் வந்து உணர்த்துகின்றான். நம்மனோர்க்கு அருள், மனித முகத்தின் வழியாக வருதலே அவன் வகுத்த முறை என்பது இதனால் விளங்கும். குருவாதற்குரிய தகுதி நம்மிற் பலர்க்கு இல்லை, உண்மையே. ஆயினும் மனித முகம் ஒன்று நமக்கு உண்டு; நடந்து செல்லக் கால் உண்டு; கதவைத் தட்டக் கை உண்டு. "இறைவன் துணை" என்று சொல்லியவன் அடுத்த வெள்ளிக்கிழமை அவ்வாசலிலே சென்று நிற்பானாயின், அவன் சொல் அவர்க்குக் காட்சியாகும். நில்லானாயின், அச்சொல் மெய்யாயிருந்தும் அவர்க்குப் பயன்படாதொழியும்.

இளமையிலே மிஷன் பாடசாலையில் யான் படித்த கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. 1719ஆம் ஆண்டு டேனியல் டீபோ என்பவர் எழுதிய ராபின்சன் குரூசோ என்னும் கதையிலே, கப்பல் உடைந்து தீவொன்றில் தனியனாய் ஒதுங்கிய மாலுமி, தன் வேதநூலை வாசித்து, இறைவன் துணையை உணர்ந்து, பெரிதும் தேறுகின்றான். ஆயினும் அவன் ஒரு கிளியைப் பிடித்து வளர்த்து, அதற்குத் தன் பெயரைச் சொல்லப் பழக்குகின்றான். சிறுபிராயத்திலே அது வேடிக்கையாகத் தோன்றியது. "பேர் கூப்புட ஆளில்ல" என்று அம்மையார் சொல்லியபோது அதன் கருத்து விளங்கியது. கடவுளை நம்பியவனும், தன் பெயரைப் புறத்தே ஓர் ஒலியாய்க் கேட்க விரும்பினான். அது நம்பிக்கைக் குறைவன்று. உடம்போடு கூடிய உயிரின் இயல்பு.

இங்கே ஒரு தடை எழும். "பெரியோர் ஏகாந்தத்தை விரும்பித் தேடினர் அல்லரோ? தனிமை தவத்துக்கு உதவுவதன்றோ? திலகவதியார் தனித்திருந்து தொண்டு செய்திலரோ?" என்பர். தேடிக் கொண்ட தனிமையும் வந்து விழுந்த தனிமையும் ஒன்றல்ல. உண்ணாநோன்பும் பட்டினியும் வெறுவயிற்றால் ஒத்தலின் ஒன்றெனப்படுமோ? திலகவதியார் வரலாற்றையே ஊன்றி நோக்குக. திருவாமூரிலே தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் மறைந்தனர். தமக்கெனப் பேசப்பட்ட கலிப்பகையார் போரிலே பட்டார். மணம் நிகழாதிருந்தும் தம்மை அவர்க்கே உரியராகக் கொண்ட அம்மையார் உயிர்விடத் துணிந்தபோது, அவரைத் தடுத்தது யாது? தத்துவ உபதேசமன்று, "நீர் இல்லையாயின் யானும் இரேன்" என்னுங் கருத்தோடு காலிலே விழுந்த தம்பி மருணீக்கியாரின் அழுகையே. ஓர் உயிர் தம்மை வேண்டி நின்றமையால் அவர் உயிர் தாங்கினார். பின்பு அத்தம்பியும் சமணத்திற் சேர்ந்து அகன்றபோது, திருவதிகை வீரட்டானத்திலே விடியுமுன் எழுந்து அலகிட்டும் மெழுக்கிட்டும் தொண்டு செய்து, தம்பியை மீட்டருளும்படி இறைவனை வேண்டிக்கொண்டிருந்தார். அகன்றவர் பொருட்டு நாள்தோறும் வேண்டுபவர் உள்ளத்திலே அவ்வகன்றவர் இருக்கின்றார். சூலைநோயுற்ற மருணீக்கியார் இரவிலே வந்து விழுந்தது அத்தமக்கையார் வாசலிலே. அன்பு செய்தற்கு ஒருவரும், செய்தற்கு ஒரு தொண்டும், திரும்பி வருவார்க்குத் திறக்க ஒரு வாசலும் இருந்த அவ்வாழ்வை வெறுந் தனிமை என்பது பிழை. அதனை எடுத்துக்காட்டி, முழங்கால் நோவினாலே மேட்டிலுள்ள கோவிலுக்கும் ஏறமாட்டாத ஒரு மூதாட்டியாரை நோக்கி, "நீரும் அவ்வாறிரும்" என்று கூறி நாம் விலகுதல் அதனினும் பெரும்பிழை.

வேறொரு தடையும் உண்டு. "முதுமை பற்றறுத்தற்குரிய பருவம், அப்பருவத்தாரிடஞ் சென்று உறவு பாராட்டுதல் பாசத்தை வளர்க்குமன்றோ?" என்பது. வளர்க்காது. என்னை? ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. யாதொன்றையும் சாராது நிற்றல் அதற்கு இயல்பன்று. நல்லதோர் சார்பு கிடையாத உயிர் வீட்டை அடைவதில்லை. சோர்வையே சார்ந்து சோர்வின் வண்ணமாகும். அன்றியும், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய சீவன்முத்தர்க்கே அன்பரொடு கூடியிருத்தலை விதித்தது. முத்தர்க்கும் இணக்கம் வேண்டுமாயின், கணவரை இழந்து மூன்று ஆண்டும் ஆகாத ஒருவர்க்கு அது வேண்டாவென்று சொல்ல நாம் யார்?

எனவே இரண்டாம் வினாவுக்கும் விடை கூறினோம். "இறைவன் துணை" என்னும் சொல், துன்பமுற்றவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது நிறைந்த ஆறுதலாம். பிறர் சொல்லும்போது, சொல்லியவரே அத்துணைக்குக் கருவியாதற்கு உடன்பட்ட உடன்படிக்கையாம். கருவியாகாதவர் வாய்ச்சொல் கைச்சாத்திட்டு நிறைவேற்றாத உடன்படிக்கையை ஒக்கும்.

இனி, மூன்றாம் வினா. அது நம் கடனைப் பற்றியது. இதனைச் சைவாசிரியர்களாகிய உங்களை நோக்கியே சொல்லுகின்றேன்.

யான் பயின்ற பாடசாலை மிஷனரிமார் தாபித்தது. அவர்கள் சமயத்தை யான் தழுவினேனல்லேன். ஆயினும் கண்டதை மறைத்தல் அறமன்று. அங்கே சனிக்கிழமைப் பிற்பகல்களில் எம் ஆசிரியர் ஒருவர் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, தனித்திருக்கும் முதியோர் வீடுகளுக்குச் செல்வார். நாங்கள் விறகு பிளப்போம், தண்ணீர் சுமப்போம், கண் தெரியாதார்க்குக் கடிதம் வாசிப்போம். தாய்தந்தையற்ற பிள்ளைகளையும் கைம்பெண்களையும் சென்று காண்டலைத் தூய சமயவொழுக்கமாகக் கிறித்தவ வேதம் எண்ணுகின்றது. 1854ஆம் ஆண்டிலே தோட்டத்துத் தமிழர்க்கெனத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் முதலியவற்றின் மேல் நாம் எத்துணைக் கண்டனம் எழுதினாலும், லயத்து வாசலுக்குச் செல்லும் பழக்கத்திலே அவர்கள் நமக்கு முந்தினர் என்பதை ஒப்புதல் வேண்டும். இவ்வாறு சொல்லுதல் நமக்கு இழுக்கன்று. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றும் கற்பித்தும் வந்த ஆறுமுகநாவலர், அவர்களிடங் கண்ட பாடசாலை, அச்சு, பிரசங்கம் என்பவற்றைச் சைவத்துக்கு ஆக்கி, 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அவரே 1870களிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டியும் நடத்தினார். நாம் நாவலரிடமிருந்து பிரசங்கத்தைக் கைக்கொண்டோம், கஞ்சித்தொட்டியை மறந்தோம். யான் கருமாதியன்று செய்தது இம்மறதியே.

ஆசிரியர்காள்! நீங்கள் காலைதோறும் செய்யும் முதற் காரியம் யாது? இடாப்பைத் திறந்து பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுகின்றீர்கள். ஒரு பிள்ளை விடை கூறாதாயின், அஃது எங்கேயென்று வினாவுகின்றீர்கள். அப்பிள்ளை வரும் லயத்திலே, எவருடைய இடாப்பிலும் பெயரில்லாத ஒரு முதியவர் இருக்கக்கூடும். அவர் ஒருநாள் எழாதொழிந்தால் "எங்கே" என்று வினாவுவார் இல்லை. நம் இடாப்பின் ஓரத்திலே, எழுதாவிடினும் மனத்திலே, அவரையும் சேர்த்துக்கொள்ளுதல் நமக்கு அரிதன்று. என் சிற்றறிவுக்கும் இரண்டாண்டு அனுபவத்துக்கும் எட்டிய சில விதிகளைக் கூறுகின்றேன்.

குறித்த ஒரு நாளிலே செல்க. வெள்ளியாயின் வெள்ளி, அரைமணியாயின் அரைமணி. நாள் தெரிந்தால் காத்திருத்தலும் ஓரின்பமாம். வருவேன் என்ற நாளில் வாராமை, முற்றும் வாராமையினும் கொடிது. கொடுக்கச் செல்லாது கேட்கச் செல்க. பிள்ளைகளுக்குக் காமன்கூத்துப் பாட்டும் தாலாட்டும், தம் பாட்டன் எந்த ஊரிலிருந்து இம்மலைக்கு வந்தான் என்னுங் கதையும் அறிந்தவர் இவர்களே. இவர்களோடு அவையும் மறையும். மருந்துறையிலுள்ளதை வாசித்துச் சொல்லுதல், தண்ணீர் கொணர்தல், தொலைபேசியை இயக்கிக் கொடுத்தல் என்பவற்றைச் சொல்லாமலே செய்க. ஒக்டோபர் முதலாந் திகதி சருவதேச முதியோர் தினத்திலே மாலையிட்டுப் படம் பிடித்து, மற்றை நாட்களிலே மறந்தொழிதல் வேண்டா. அவர் துயரத்தைப் பேசினால் தத்துவம் கூறித் தடுக்கற்க. கேட்டுக்கொண்டிருத்தலும் ஒரு பூசையே. சமயம் பேசவேண்டுமாயின், அவர் தொடங்கட்டும்.

இவ்வம்மையார் விஷயத்திலே நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்கின்றேன். யான் மாணவர் இருவரோடு வெள்ளிதோறும் செல்லத் தொடங்கியபின், அடுத்த காம்பராவிலே, பாடசாலைக்கு ஒழுங்காக வாராத அப்பிள்ளையின் காரணமும் விளங்கியது. தாய் விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடுவாள். எழுப்பவும் உணவு கொடுக்கவும் ஆளில்லை. அம்மையாரே ஒருநாள், "அந்த ஒரு பிடி சோத்துக்கு ஆள் கெடச்சிருச்சி மாஸ்டர்" என்றார். முதனாள் மிகும் சோற்றை வைத்திருந்து, காலையிலே சூடாக்கி அப்பிள்ளைக்கு ஊட்டி, தலைவாரிப் பாடசாலைக்கு அனுப்புகின்றார். இப்பொழுது அளவு குறைக்க முயல்வதில்லை, இருவர்க்கென்றே அளக்கின்றார். அவருக்குத் துணையாக யான் சென்றேன் என்று எண்ணியிருந்தேன். அவரோ எனக்கும் என் பாடசாலைக்கும் துணையானார். தனித்திருப்போர் நம்மிடம் வேண்டுவது பெறுதலை மாத்திரமன்று. தாம் கொடுத்தற்கு ஒருவர் வேண்டும் என்பதே அவருடைய பெரும்பசி. அதனை யான் கற்பிக்கவில்லை. அவரே எனக்குக் கற்பித்தார்.

அவர் தனிமை தீர்ந்தது என்று எழுதேன். இரவு வரும், கணவர் படுத்த இடம் வெறிதே கிடக்கும், மகளின் குரல் தொலைபேசியிலே வந்து ஒழியும். இவற்றை மாற்றுதல் நம்மாலாவதன்று. அங்கே இறைவனே துணை. ஆயினும் விடியுமுன் அவர் இஸ்தோப்பிலே நிற்கும்போது, அப்பிள்ளை தன் வாசலிலிருந்து, "அம்மாயி!" என்று கூப்பிடுகின்றது. நம்மவர் மூத்தோரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முறை சொல்லியே அழைப்பர். பெயர், அழைப்பார் இல்லாதபோதும் பதிவேட்டிலே கிடக்கும். முறையோ, அழைப்பார் ஒருவர் உள்ள காலத்திலே மாத்திரம் உளதாவது. அம்முறை ஒவ்வொரு லயத்திலும் ஒலிக்கும்படி செய்தல் நம் பாடசாலைகளின் கடன்களுள் ஒன்றென்று கொள்வோமாயின், "இறைவன் துணை" என்று நாம் சொல்லுஞ் சொல் நம்மைச் சுடாது.

திருச்சிற்றம்பலம்.